பொத்தான் அக்காவின் பக்கம்

தையல் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நல்ல மழை. என் பழைய ஸ்வெட்டரில் மேல் பொத்தான் அறுந்து வெகு நாளாகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திச் சமாளித்துக்கொண்டிருந்தேன். புது இடம், யார் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். ஊக்கு தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன். சாயங்காலம் எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது ஊக்கைக் காணோம். அங்கே ஒரு பழுப்புப் பொத்தான், மற்ற பொத்தான்களோடு ஒட்டிப் பிறந்தது மாதிரி இருந்தது. ஊக்கை யாரோ ஸ்வெட்டர்ப் பையின் உள்பக்கம் பத்திரமாகக் குத்தி வைத்திருந்தார்கள். யார் என்று கேட்கவும் கூச்சம். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் என் பக்கமே திரும்பாமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அப்படித் திரும்பாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவரை நாங்கள் எல்லோரும் பொத்தான் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கூடத்தில் மருத்துவமனைக்காரர்களின் மேலங்கி, பள்ளிச் சீருடை, ஓட்டல் சிப்பந்திகளின் சட்டை எல்லாம் தைக்கிறோம். எது தைத்தாலும் கடைசியில் அக்காவின் மேசைக்குத்தான் வரும். பொத்தான் வைத்து, இழுத்துப் பார்த்து, நூலைக் கத்தரித்த பிறகுதான் அது துணியாக இருந்தது உடுப்பாகும். அக்கா படித்தது ஐந்தாவது வரை. நானும் அவ்வளவுதான். அதனாலோ என்னவோ என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். நானும் அக்கா என்று ஒட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி. கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு அவருக்குப் பெயர்கள் மறந்தன, வழி மறந்தது, விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கல்யாணம் ஆகாதவர். அக்காதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஒரு நாள் அவர் அழுதுவிட்டாராம். அன்றைக்கே அக்கா அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் சின்னப் பொத்தான்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, கோட்டுக்கு வைக்கிற பெரிய பொத்தான்களை வைத்தார். துளைகளையும் அதற்குத் தகுந்தாற்போல் பெரிதாக்கினார். அதற்குப் பிறகும் அவர் நடுவிலிருந்து போட ஆரம்பித்து, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்பாராம். மேல் பொத்தானை மட்டும் சிவப்பு நூலால் தைத்து, "சிவப்பைப் பார்த்து ஆரம்பிடா" என்று பழக்கினார். கோணல் நின்றது.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி ஈரத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து தடம் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுடா, தரை காயட்டும்" என்றார் அக்கா. கோபத்தோடு சொன்னதல்ல. யார் வீட்டிலும் யாரும் சொல்கிற பேச்சுத்தான் அது. துடைத்து முடித்து, அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வாளியோடு வெளியே வந்தபோது வாசலில் ஆளில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். அந்த வேனிலேயே தெருத் தெருவாகத் தேடினார். போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். படம் போட்ட தாள்களைச் சுவர் சுவராக ஒட்டினோம். ஒட்டிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த தாளில் தம்பியின் முகம் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. அக்கா அதைக் கிழியாமல் உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் அக்கா அக்காவாக இல்லை. கூடத்தில் யாருடைய போன் அடித்தாலும் எழுந்து நிற்பார். ஒரு நாள் ஒரு கட்டுச் சட்டை முழுவதிலும் பொத்தானை உள்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். துணி வெட்டுகிற மாஸ்டர் ஒருவர் எங்களிடம் உண்டு. வாயும் வெட்டும் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். "இந்தச் சட்டையெல்லாம் போடணும்னா மனுஷன் உள்ளேயிருந்துதான் பொத்தான் போடணும்" என்றார் கத்தரி. எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிற அக்கா அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு பிரித்தார். கத்தரியும் கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார்.

வேலை விட்டுப் போகிற வழியில் ஒரு நூலகம். அதன் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. சொந்தமாக இணையப் பக்கம் செய்து வெளியிடச் சொல்லித் தருகிறோம், எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று. அக்கா அதை வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதுமாம் தங்கச்சி. நமக்குத் தெரியும்ல?"

"அஞ்சாவது வரைக்கும் தெரியும்க்கா."

"சுவத்துல ஒட்டினா மழை நனைக்குது. அங்கே மழை பெய்யாதுல்ல?"

நான் துணைக்குத்தான் போனேன். நூலகத்தின் மாடியில், புத்தக வாசனையும் ஈரக் குடை வாசனையும் கலந்த ஓர் அறை. வரிசையாகப் பழைய கணினிகள். சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண்; எங்களுக்கு மகள் வயது இருக்கும். ஆனாலும் டீச்சர் என்றுதான் சொன்னோம். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் எதற்காகப் பக்கம் வேண்டும் என்று கேட்டாள். ஒருவர் சைக்கிள் பழுதுபார்க்கிற கடைக்கு என்றார். ஒரு அம்மாள் தான் வளர்க்கிற பூச்செடிகளுக்கு என்றார். அக்கா, "என் தம்பிக்கு" என்றார்.

"தம்பி என்ன கடை வச்சிருக்கார்?" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அக்கா பையைத் திறந்து, மழையில் கரைந்த அந்தத் தாளை எடுத்து மேசை மேல் விரித்தார். டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கஷ்டமான வேலை இல்லை என்றாள் டீச்சர். மாதிரிப் பக்கங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். படம் இருக்கிற இடத்தில் உங்கள் படம், எழுத்து இருக்கிற இடத்தில் உங்கள் எழுத்து, வேண்டியதைப் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விட வேண்டியதுதான். வெட்டி வைத்த துணி மாதிரி, நாம் தைத்தால் போதும் என்று அக்காவுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் கை பிடிபடவில்லை. தம்பிக்கு நீலம் பிடிக்கும் என்று நீல நிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது ஏதோ ஓட்டலுக்காகச் செய்தது. தம்பியைப் பற்றி அவர் எழுத்து எழுத்தாகத் தட்டி முடித்த பிறகு பார்த்தால், அதன் அடியில் கொட்டை எழுத்தில் 'இன்றே முன்பதிவு செய்யுங்கள்' என்று நிற்கிறது. அக்கா சிரித்தார். பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் அந்த வரியை அழித்துவிட்டு, அந்த இடத்திலேயே போன் நம்பரைப் போடச் சொன்னாள்.

கணினியின் எழுத்துப் பொத்தானைத் தட்டும்போது அக்கா, நூல் அறுந்துவிடுமோ என்பது மாதிரி பயந்து பயந்து தொடுவார். "வருஷக்கணக்கா பொத்தான்தான் பொழைப்பு. ஒண்ணைக் கூட இப்படிப் பயந்து தொட்டதில்லை" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனதுக்குள் கடவுளை வேண்டிக்கொள்வேன். எனக்குத் தெரிந்த உதவி அதுதான்.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. வீட்டு விஷயத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் கடை விரிக்க வேண்டுமா, கண்டவன் போன் செய்து கண்டதையும் பேசுவான் என்று பயந்தார். தம்பியின் நல்ல படம் ஒன்று அவருடைய பெட்டியில் இருந்தது. நாளைக்கு எடுத்துத் தருகிறேன், நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். அவர் மனம் இளகிப் படத்தைக் கொடுத்தபோது வகுப்பு முடிந்துவிட்டது. கடைசி நாளே டீச்சர் சொல்லியிருந்தாள். பக்கம் எல்லாம் தயார், படத்தை மட்டும் வீட்டில் உங்கள் போனிலேயே சேர்த்துக்கொள்ளலாம், பிறகு மேலே வலது ஓரத்தில் 'வெளியிடு' என்று இருக்கும், அதை அழுத்தினால் உலகம் முழுக்கத் தெரியும் என்று.

மறுநாள் அக்கா கூடத்துக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனைக் காட்டினார். நீலப் பக்கத்தில் தம்பி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கீழே, சாதாரணச் சட்டையில் கோட்டுப் பொத்தான் வைத்திருப்பார், பார்த்தவர்கள் தயவு செய்து சொல்லுங்கள் என்று அக்காவின் வார்த்தைகள். "இப்போ பாரு" என்று மேல் ஓரத்தை அழுத்தினார். பக்கம் மறைந்தது. வெள்ளைத் திரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று வந்தது.

"வெளியே போயிடுச்சு பாரு. நன்றி வேற சொல்லுது. மரியாதை தெரிஞ்ச மிஷினு."

எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடவுளே, இதையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

போன் வரவில்லை. முதலில் எல்லாம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்தோம். அக்கா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு தைத்தார். அடிக்கிறதா என்று தன் நம்பருக்கே என்னைப் போன் செய்யச் சொல்வார். அடிக்கும். அது நான்தான் என்று தெரிந்தும் அவர் முகம் ஒரு நொடி மலர்ந்து வாடும். அதைப் பார்க்க முடியாமல், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்து சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்கினார். வார்த்தை உறைக்கவில்லையோ என்று மாற்றி எழுதினார். தினமும் பக்கத்தைத் திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, மேல் ஓரத்தை அழுத்துவார். தினமும் அது நன்றி சொல்லும்.

மழை போய்க் குளிர் வந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"உலகம் முழுக்கத் தெரியும்னாளே அந்தப் பொண்ணு. இவ்வளவு பேர் பார்த்தும் ஒருத்தருக்குக் கூட அவனைத் தெரியலைன்னா... அவன் இருந்தாத்தானே தங்கச்சி தெரியும்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அவர் தம்பியை விட்டுவிட ஆரம்பிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. போன் வராததே பதில் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். ஊசியில் நூல் கோக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார்.

கத்தரிக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். டீச்சர் எழுதிக் கொடுத்து அக்கா தன் மேசையில் ஒட்டி வைத்திருந்த, பக்கத்தின் முகவரியைப் பார்த்துத் தன் போனில் தட்டினார். மறுபடி தட்டினார்.

"என்ன பொத்தான், உலகம் முழுக்கத் தெரியுதுன்னீங்க, இந்த மேசைக்கு அந்தப் பக்கம் கூடத் தெரியலையே. அப்படி ஒரு பக்கமே இல்லைங்குது."

"உம்ம போனுக்குக் கண்ணு தெரியாது" என்றார் அக்கா. தன் போனில் திறந்து காட்டினார். தம்பி இருந்தார். கத்தரியின் போனில் இல்லை. என் போனில் தட்டினோம். இல்லை. அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. கத்தரி, பாவம், கேலி செய்ய வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டாம், போங்கள், உங்கள் துணியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்களை அனுப்பி வைத்ததும் அவர்தான்.

நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். டீச்சர் இருந்தாள். தினமும் எப்படிச் செய்வீர்களோ அதே மாதிரி இப்போது செய்யுங்கள் என்றாள். அக்கா திறந்தார், பார்த்தார், மேல் ஓரத்தை அழுத்தினார். நன்றி, மீண்டும் வருக. டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடியும் பக்கத்தைத் திறந்து, மேல் ஓரத்தில் இருந்ததை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இதை மெதுவா, ஒவ்வொரு எழுத்தா படிங்கம்மா."

"வெ... ளி... யே... று."

அங்கே இருந்தது வெளியிடு இல்லை. கணினியில் அந்த ஓரத்தில் வெளியிடு இருந்தது. போனில் அதே ஓரத்தில், பக்கத்தை மூடிவிட்டுப் போவதற்கான வெளியேறு இருந்தது. முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மிச்சத்தை மனமே படித்துக்கொண்டுவிட்டது, அக்காவுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கும். இத்தனை நாளும் அந்தப் பக்கம் அக்காவின் போனுக்குள்ளேயே, அவர் ஒருவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி இருந்திருக்கிறது. போனில் எப்படி இருக்கும் என்று தான் காட்டியிருக்க வேண்டும் என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டாள்.

அக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனை வெளியே போன்னு சொன்னது ஒரு தடவை. அதுக்கப்புறம் தினமும் இதை வச்சு வெளியேறு, வெளியேறுன்னே சொல்லிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

டீச்சர்தான் முதலில் தெளிந்தாள். போன் வராததற்குக் காரணம் இதுதான், தம்பிக்கு ஒன்றும் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, யாருமே இன்னும் பார்க்கவில்லை, இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள் என்றாள். அந்த வார்த்தை அக்காவுக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். தோள் நிமிர்ந்தது. பிறகு டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். பொய் சொல்கிறவர்களும் போன் செய்வார்கள். அதனால் ஒரே ஓர் அடையாளத்தைப் பக்கத்தில் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சரியாகச் சொல்கிறவரை நம்பலாம் என்று. சிவப்பு நூலை அக்கா உள்ளேயே வைத்துக்கொண்டார். வெளியிடு எங்கே இருக்கிறது என்று டீச்சர் காட்டினாள். அக்கா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதன் மேல் வைத்தார். அழுத்தினார். இந்தத் தடவை நன்றி வரவில்லை. 'உங்கள் பக்கத்தை இப்போது எல்லோரும் காணலாம்' என்று வந்தது. என் போனில் தட்டிப் பார்த்தோம். தம்பி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

சைக்கிள் கடைக்காரரும் பூச்செடி அம்மாளும் தங்கள் பக்கங்களில், தொட்டால் அக்காவின் பக்கம் திறக்கிற மாதிரி வழி போட்டுக் கொடுத்தார்கள். போன் வர ஆரம்பித்தது. வீட்டுக்காரர் பயந்தது பொய்யில்லை. ஒருவன் ஆளைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றான். சட்டையின் மேல் பொத்தானைப் பற்றிச் சொல்லு என்று அக்கா கேட்டதும் வைத்துவிட்டான். இன்னொரு குரல், தேடாதே, போனவர் போனதுதான் என்று காரணமில்லாமல் சொன்னது. அன்றைக்கு அக்கா பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. ஒவ்வொரு மணியும் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மணி அடிக்காதபோது அதைவிட மோசம்.

பிறகு ஒரு பெண் பேசினார். வேறு ஊர், ஆதரவில்லாதவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் துணி துவைக்கிறவராம். அங்கே இருக்கும் ஒருவருடைய சட்டைப் பொத்தான்கள் இஸ்திரிப் பெட்டியில் தட்டித் தட்டித் தனக்குப் பெரிய தொந்தரவு என்றும், இதை எந்தப் புண்ணியவதி வைத்தாள் என்று திட்டிக்கொண்டே தேய்ப்பதாகவும், இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பகீரென்றதாகவும் சொன்னார். அக்கா மேல் பொத்தானைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? அது மட்டும் செவப்பு நூலும்மா. அது பிஞ்சு தொங்குச்சு, நான் வெள்ளையில தச்சுக் குடுத்தேன். அந்த ஆளு போட்டுக்கவே மாட்டேன்னுட்டாரு. செவப்பு தேடி வாங்கித் தச்ச பிறகுதான் போட்டாரு."

அக்கா போனைக் காதோடு வைத்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேனில் வீட்டுக்காரர், அக்கா, நான், மூன்று பேரும் போனோம். வழி முழுக்க அக்கா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். அது தம்பியாக இல்லாவிட்டால் என்ன செய்வது, தம்பியாகவே இருந்து அக்காவை அடையாளம் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று நான் கடவுளை வேண்டிக்கொண்டே வந்தேன். அந்த இல்லத்தின் முற்றத்தில் துணி காய்கிற கொடிக்கு அருகே ஒரு பெஞ்சில் தம்பி இருந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். அக்கா எதிரில் போய் நின்றார். தம்பி வெகு நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்காவின் பெயர் அவருக்கு வரவில்லை. தம்பியின் கை மட்டும் மேல் பொத்தானுக்குப் போய் அதைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்டார்.

"தரை காஞ்சிடுச்சா?"

"காஞ்சிடுச்சுடா. உள்ளே வா" என்றார் அக்கா.

அந்த இல்லத்திலேயே விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவர் இருந்தார். தம்பிக்கு அது ஒத்துக்கொண்டது. வீட்டுக்காரரும் அந்த ஊரிலேயே வேன் வேலை தேடிக்கொண்டார். அக்கா குடும்பத்தோடு அங்கே குடிபோவது என்று முடிவாயிற்று. கூடத்துக்குக் கடைசியாக வந்த நாளில் கத்தரிக்குக் கூடச் சட்டைக் கையில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தார். அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே அன்றைக்குத் துணி வெட்டினார்.

நான் கேட் வரைக்கும் போனேன். இவ்வளவு தூரம் போய்விடுகிறீர்களே, இனிமேல் எப்போது பார்ப்பது என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குச் சந்திக்க வாய்க்கவில்லை. போனில் பேசுவதோடு சரி. அன்றைக்கு அங்கே நின்றபடி அக்கா முதலில் என் ஸ்வெட்டரின் மேல் பொத்தானை இழுத்துப் பார்த்தார், உறுதியாக இருக்கிறதா என்று. அப்புறம் போனை எடுத்துப் பக்கத்தைக் காட்டினார். அதே நீலம், அதே படம். படத்துக்குக் கீழே, என் தம்பி கிடைத்துவிட்டான், பார்த்தவர்கள் எல்லோருக்கும் கடவுள் துணை இருக்கட்டும் என்று புதிதாக ஒரு வரி இருந்தது.

"நானே எழுதி நானே வெளியிட்டேன் தங்கச்சி. 'யி'யா, 'யே'யான்னு ரெண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் அழுத்தினேன்" என்றார்.